ஓசேஜ் ஆற்றில் துடுப்பு மீன்: ரீல் முதல் குழம்பு வரை

துடுப்பு மீனுக்குத் தூண்டிலில் இரை மாட்டுவது வீண் வேலை. ஆள் உயரத்துக்கு வளரக்கூடிய இந்த மீன் தின்பதெல்லாம் தண்ணீரில் மிதக்கும் பொடி உயிரிகளைத்தான். வாயை ஆவென்று திறந்தபடி நீந்தும்; செவுள் சல்லடையில் எது தங்குகிறதோ அதுதான் சாப்பாடு. புழு, இறால், கோழி ஈரல் என்று எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இதைப் பிடிக்கும் வழக்கமான வழி ஸ்னாகிங். பெரிய மும்முனை முள்ளை ஆற்றின் அடியில் இழுத்துக்கொண்டே போய், விட்டு விட்டுச் சுண்டி இழுக்க வேண்டும். போகும் வழியில் மீன் இருந்தால் அதன் உடம்பில் எங்காவது முள் ஏறும்.

வெறும் அதிர்ஷ்டமும் முரட்டுப் பலமும் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் நேரம் பிடிக்கிற வேலையெல்லாம் ஆற்றுக்கு வெளியே நடக்கிறது: போவதற்கு முன் வீட்டு மேஜையில், வந்த பிறகு கொல்லைப்புறத்தில். இந்தப் பதிவிலும் அவற்றுக்குத்தான் இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான், சின்ன வயதில் வள்ளத்தில் கடலுக்குப் போய்ப் பழகிய தூத்துக்குடி நண்பர், தண்ணீரைக் கண்டாலே லைஃப் ஜாக்கெட்டை இன்னும் ஒரு பிடி இறுக்கிக்கொள்ளும் கோயம்புத்தூர்க்காரர், அப்புறம் எங்கள் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அமெரிக்கப் பெரியவர். படகு பெரியவருடையது. இளவயதிலிருந்தே இந்த மீனுக்குப் போகிறவர். அவர் வாயில் இது ஸ்பூன்பில்.

ரீல்

என்னிடம் இருந்தது யாரோ கராஜ் சேலில் விற்ற பழைய கடல் ரீல். உடம்பு நன்றாக இருந்தது, டிராக் மட்டும் சரியில்லை. மீன் பலமாக இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல் ரீல் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கான பிரேக்தான் டிராக். நல்ல டிராக் ஒரே சீராக வழுக்கும். இது பிடித்து நின்று, திடீரென்று விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. 40 பவுண்டு மீன் மறுமுனையில் இருக்கும்போது அந்தத் திடீர்ப் பிடிப்பு ஒன்று போதும், முடிச்சு போய்விடும்.

மேலே உள்ள குமிழைத் திருகிக் கழற்றினால் உள்ளே வளைந்த கம்பிக் கிளிப் ஒன்று இருக்கும். அதை ஊசி முனையால் நெம்பும்போது இன்னொரு கையால் பொத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துள்ளிப் போய் அடுப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதன் கீழே வாஷர் அடுக்கு. ஓர் உலோகம், ஒரு ஃபெல்ட், மறுபடி உலோகம், மறுபடி ஃபெல்ட். உலோக வாஷரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றின் நடுத்துளை இரண்டு பக்கம் தட்டையாக இருக்கும். அது தண்டோடு பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இன்னொன்றுக்கு வெளிவிளிம்பில் இரண்டு காதுகள்; அது நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலோடு சேர்ந்து சுற்றும். நிற்பதற்கும் சுற்றுவதற்கும் நடுவில் ஃபெல்ட் உரசுவதால்தான் பிரேக் பிடிக்கிறது. வரிசை மாறினால் பிரேக் பிடிக்காது. ஆகவே கழற்றக் கழற்ற ஒரு துணியில் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்து, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

ஃபெல்ட் வாஷர்கள் பழைய எண்ணெய் இறுகிப்போய் அட்டை மாதிரி ஆகியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அதே அளவில் கார்பன் ஃபைபர் வாஷர்கள் வாங்கிப் போட்டேன். விலை அதிகமில்லை. உலோக வாஷர்களை ஸ்பிரிட்டில் துடைத்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்துப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிட்டேன். கையில் கிடைக்கிற ஏதோ ஒரு கிரீஸை இங்கே பூசக் கூடாது. சூடானால் உருகி ஓடும், அல்லது பசையாகிவிடும்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு, ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசு உதவியது. நரம்பின் நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி, கோலை வளைத்து இழுத்து, எந்த எடையில் வழுக்க ஆரம்பிக்கிறது என்று பார்த்தேன். பொதுவாக நரம்பின் பலத்தில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பார்கள். நான் சுற்றியது 80 பவுண்டு பின்னல் நரம்பு. டிராக்கை 22 பவுண்டில் வைத்தேன். ஸ்னாகிங்குக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்பது பெரியவர் கட்சி. டிராக் தளர்வாக இருந்தால் நாம் சுண்டுகிற சுண்டு ரீலிலேயே கரைந்துபோகும், முள் தோலைத் தாண்டாது.

இன்னொன்று. பின்னல் நரம்பை வெறும் உலோக ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கும். அடியில் பத்து, பன்னிரண்டு சுற்று சாதாரண தங்கூஸ் (ஒற்றை நைலான் இழை) சுற்றி அதோடு முடிச்சுப் போட்டுவிட்டால் பிடித்துக்கொள்ளும்.

முள், முடிச்சு, ஈயம்

முள் 8/0 அளவு மும்முனை. கையில் எடுத்துப் பார்த்ததும் தூத்துக்குடி நண்பர் சிரித்துவிட்டார். "அண்ணே, இது மீனுக்கா, இல்ல கிணத்துல விழுந்த வாளிக்கா?" சரியாகத்தான் கேட்டார். பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றடியில் துழாவுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கடையில் வாங்கும் முள் அப்படியே போதாது. சின்ன அரத்தால் ஒவ்வொரு முனையையும் மூன்று பக்கம் தேய்க்க வேண்டும், அரம் எப்போதும் முனையை நோக்கியே போக வேண்டும். கட்டைவிரல் நகத்தில் முனையை வைத்து லேசாகத் தள்ளினால் வழுக்காமல் குத்தி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இந்த மீனுக்குச் செதில் அநேகமாகக் கிடையாது, ஆனால் தோல் தடிமன். மொண்ணை முள் வழுக்கிக்கொண்டு போய்விடும். முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் எதிர்முட்களை இடுக்கியால் நசுக்கிவிட்டோம். பக்கத்து ஓக்லஹோமா மாநிலத்தில் அது கட்டாயம். சின்ன மீன் மாட்டினால் திரும்ப விட வேண்டும், அதைக் கழற்றும்போது தசையைப் பிய்க்காமல் இருக்க எதிர்முள் இல்லாததே நல்லது. நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருந்தால் எதிர்முள் இல்லாமலும் மீன் நழுவாது.

முடிச்சு பாலோமர். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சு போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளை முழுவதும் நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். ஈரமில்லாமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். முதல் முள்ளைக் கட்டும்போதே மிச்ச நுனியை நான்கடி நீளத்துக்கு விட்டுவைத்தேன். அதில் இரண்டடி கீழே இரண்டாவது முள். அதற்கும் கீழே, தனியாக ஒரு துண்டு 30 பவுண்டு தங்கூஸில், ஒரு பவுண்டு ஈயம். ஈயத்துக்கு மட்டும் பலம் குறைந்த நரம்பு ஏன் என்றால், ஆற்றடியில் பாறை இடுக்கில் முதலில் சிக்குவது ஈயம்தான். சிக்கினால் அது மட்டும் அறுந்து போகட்டும், முட்களும் நரம்பும் நம்மிடம் திரும்பி வரட்டும்.

அளவுகோல்

மிசூரியில் பெரும்பாலான நீர்நிலைகளில் துடுப்பு மீன் பருவம் மார்ச் 15 முதல் ஏப்ரல் 30 வரை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன். நாங்கள் போன நீர்ப்பகுதியில் 34 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. எண்கள் மாறலாம், போகிறவர்கள் அந்தந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போகவும். கவனிக்க வேண்டியது அளக்கும் முறை. மூக்கு நுனியிலிருந்து அளப்பதில்லை. துடுப்பு மாதிரி நீண்டிருக்கும் அந்த அலகு சில மீன்களுக்கு உடைந்திருக்கும், சிலவற்றுக்கு வளைந்திருக்கும். அதனால் கண்ணிலிருந்து வால் பிளவு வரைதான் கணக்கு.

சாதாரண டேப்பை வைத்துப் படகில் இதை அளக்க முடியாது. மீன் துள்ளும், கை வழுக்கும். பெரியவர் படகில் வைத்திருப்பது அவரே செய்த மரச்சட்டம். அதைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். மூன்றங்குல அகலப் பலகை, நான்கடி நீளம். ஒரு முனையிலிருந்து சற்று உள்ளே தள்ளித் துளை போட்டு, மொழுக்கென்று தேய்த்த ஒரு மரக்குச்சியைப் பசை போட்டு நிறுத்தினேன். குச்சியிலிருந்து சரியாக 34 அங்குலத்தில் ரம்பத்தால் ஒரு கீறல், அதில் சிவப்பு பெயின்ட். மூலைகளை எல்லாம் உருட்டித் தேய்த்து மூன்று கோட் வார்னிஷ். மீனை வலையிலேயே வைத்துக்கொண்டு, குச்சி கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி சட்டத்தைப் பக்கத்தில் வைத்தால், வால் பிளவு சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தாண்டவில்லை என்றால் மீன் படகுக்குள் வரவே தேவையில்லை.

இவ்வளவு கறார் எதற்கு என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டார். பெண் மீன் முதல் முறை முட்டையிடவே 8 முதல் 10 ஆண்டு ஆகும், அதன் பிறகும் வருடா வருடம் இடாது. சீனாவின் யாங்சே ஆற்றில் இருந்த இதன் பங்காளி இனம் இப்போது இல்லை. 2022இல் அது அற்றுப்போனதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பதிந்துவிட்டது. குடும்பத்தில் மிச்சம் இருப்பது மிசிசிப்பி படுகையில் உள்ள இந்த ஓர் இனம் மட்டும்தான்.

ஆறு

கன்சாஸ் சிட்டியிலிருந்து வார்சா ஊருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். ஓசேஜ் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஊருக்கு மேலே ட்ரூமன் அணை, கீழே வெகுதூரத்தில் பேக்னல் அணை. 1931இல் பேக்னல் அணை கட்டி முடித்தபோது லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் ஏரி உருவானது. துடுப்பு மீன்கள் அந்த ஏரியில் வளர்ந்து, வசந்தத்தில் ஆற்றில் மேலேறி, சரளைக்கல் திட்டுகளில் முட்டையிட்டு வந்தன. 1979இல் முடிந்த ட்ரூமன் அணை அந்தச் சரளைத் திட்டுகளை மூழ்கடித்து, பாதையையும் அடைத்துவிட்டது. ஆனாலும் தண்ணீர் 50 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, ஓட்டமும் கூடினால் மீன்கள் மேலே கிளம்பிவிடும். அணை வரை போய் முட்டிக்கொண்டு நிற்கும். வார்சாவில் மீன் குவிவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் குஞ்சு எங்கிருந்து வருகிறது? மாநிலப் பாதுகாப்புத் துறை பிளைண்ட் போனி என்ற இடத்தில் உள்ள பண்ணையில் பொரித்து, ஓரடி நீளத்துக்கு வளர்த்து, ஏரிகளில் விடுகிறது. இங்கே நாம் பிடிப்பது ஏறத்தாழ எல்லாம் பண்ணையில் பொரித்து ஏரியில் வளர்ந்தவை. பண்ணைக் குஞ்சுகளின் அலகுக்குள் நூல் மாதிரி மெல்லிய கம்பித் துண்டை அடையாளமாகச் செருகி விடுவதும் உண்டு. சில பெரிய மீன்களுக்குக் கீழ்த்தாடையில் எண் போட்ட உலோக வளையம் இருக்கும். அந்த எண்ணைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாங்கள் போனது ஏப்ரல் நடுவில். இலை விடாத கிளைகளில் ரெட்பட் மரங்கள் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருந்தன. ரெட்பட் பூத்தால் ஸ்பூன்பில் ஏறும் என்பது உள்ளூர்க் கணக்கு. படகில் இருந்த வெப்பமானி 56 காட்டியது. முந்தின வாரம் மழை பெய்து அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆறு தேயிலைத்தண்ணீர் நிறத்தில் ஓடியது.

படகு மணிக்கு இரண்டு, மூன்று மைல் வேகத்துக்கு மேல் போகாது. ஃபிஷ் ஃபைண்டர் திரையில் அடியிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் தடிமனான வளைவுகள் தெரிந்தால் அந்தத் தடத்திலேயே போய் வர வேண்டும். ஈயம் அடியில் தட்டும்வரை நரம்பை விட்டு, அப்புறம் இரண்டு சுற்று தூக்கிக்கொள்வோம். பிறகு கோலைப் படகின் பக்கவாட்டில் தாழ்த்தி, முன்பக்கமாக வீசி ஒரு சுண்டு. மெதுவாகப் பின்னால் விட்டு மறுபடி ஒரு சுண்டு. கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் போய்விடும். இடுப்பைத் திருப்பி இழுக்க வேண்டும். தூத்துக்குடி நண்பர் துடுப்புப் போட்டுப் பழகியவர். முதல் சுண்டிலேயே அவருக்கு அது பிடிபட்டுவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் ஜிம்முக்குப் போகிற ஆள், அவருக்குத்தான் சீக்கிரம் மூச்சு வாங்கியது.

பெரும்பாலும் மாட்டுவது மரக்கட்டைதான். கட்டையில் சிக்கிவிட்டால் கோலை உயர்த்தி இழுக்கவே கூடாது. ஒரு பவுண்டு ஈயமும் இரண்டு மும்முனை முட்களும் விடுபட்டால் முகத்தை நோக்கித்தான் திரும்பி வரும். படகைப் பின்னால் கொண்டுபோய், சிக்கிய இடத்துக்கு நேர் மேலே நின்று, கோலை நரம்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். எல்லோர் கண்ணிலும் கண்ணாடி. நரம்பைக் கையில் சுற்றி இழுப்பது கண்டிப்பாகக் கூடாது. பின்னல் நரம்பு கையுறையையே அறுக்கும்.

கட்டைக்கும் மீனுக்கும் வித்தியாசம் கையில் தெரியும் என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் மீன் மாட்டியபோதுதான் அது விளங்கியது. கட்டை அப்படியே நிற்கும். மீனும் ஒரு கணம் நிற்கும், அப்புறம் அந்தக் கனம் தானாக நகரும். முதலில் மாட்டியது கோயம்புத்தூர்க்காரருக்கு. வலையில் எடுத்துப் பார்த்தால் தலை முழுக்கச் சொரசொரவென்று சின்னப் பொருக்குகள். முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனுக்கு அப்படி வரும். சட்டத்தை வைத்தோம், வால் பிளவு சிவப்புக் கோட்டுக்கு ஓரங்குலம் இந்தப் பக்கம். முதுகுத் துடுப்பின் ஓரத்தில் ஏறியிருந்த முள் இடுக்கியால் ஒரு திருப்பலில் வந்துவிட்டது. செவுளிலோ கண்குழியிலோ விரல் விட்டுத் தூக்காமல், ஈரக் கையால் அடிவயிற்றைத் தாங்கித் தண்ணீரிலேயே சற்று நேரம் நிறுத்தியதும் வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போனது.

"பிடிச்ச மீன விடுறதுக்கு நூறு மைல் வண்டி ஓட்டி வந்தோமாடா?" என்றார் அவர். லைஃப் ஜாக்கெட்டை ஒரு பிடி தளர்த்தியிருந்ததை நான் கவனித்தேன்.

பெரிய மீன் மாட்டியது தூத்துக்குடி நண்பருக்கு, மதியத்துக்கு மேல். இந்த மீன் துள்ளிக் குதித்து வேடிக்கை காட்டாது. அடியிலேயே கனமாக, எங்கோ போக வேண்டிய வேலை இருப்பதுபோலப் போய்க்கொண்டே இருக்கும். முள் வாலுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வாலில் மாட்டினால் தலையைத் திருப்ப முடியாது. மொத்த உடம்பையும் பின்பக்கமாக இழுத்து வர வேண்டும். டிராக் ஒரே சீராக நரம்பை விட்டுக்கொண்டிருந்தது. என் ரீல்தான் அவர் கையில் இருந்தது என்பதால் எனக்கு அந்தச் சத்தத்தில் தனி சந்தோஷம். பெரியவர் என்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு, மற்றவர்கள் நரம்பையெல்லாம் சுற்றி எடுக்கச் சொன்னார். "நீவாடு நம்ம பக்கம் இருக்கு, அவசரம் வேண்டாம்ணே" என்று நண்பர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். நீவாடு என்றால் நீரோட்டம். கடைசியில் வால்தான் முதலில் மேலே வந்தது, சுறாவுக்கு இருப்பதுபோல மேல்பாதி நீண்ட வால். அப்புறம் சாம்பல்நிற முதுகு. கடைசியாக அந்த அலகு.

சட்டம் தேவையே படவில்லை, இருந்தாலும் வைத்தோம். 42 அங்குலம். கொக்கித் தராசில் 46 பவுண்டு. இது இந்த ஏரிக்குப் பெரிய மீன் கிடையாது. 2024 மார்ச்சில் இதே லேக் ஆஃப் தி ஓசார்க்ஸில் பிடிபட்டது 164 பவுண்டு 13 அவுன்ஸ். உலகச் சாதனை அது.

அறுப்பு

படகிலேயே செவுளை வெட்டி இரத்தம் வடித்துவிட்டோம். அதற்கு மேல் எதுவும் வெட்டவில்லை. தண்ணீரில் இருக்கும்வரை தலையும் வாலும் தோலும் உடம்போடுதான் இருக்க வேண்டும், அளக்க வருகிற அலுவலருக்காக. பெரிய ஐஸ் பெட்டியில் மீனை வளைத்து வைத்து, மேலும் கீழும் ஐஸ் கொட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

கொல்லையில் மேப்பிள் மரக்கிளையில் தொங்கவிட்டு அறுத்தோம். அலகில் ஒரு துளை போட்டுக் கயிற்றை நுழைத்தால் வழுக்காது. முதல் வேலை முதுகுத்தண்டை எடுப்பது. இந்த மீனுக்கு முள்ளெலும்பு கிடையாது, அநேகமாக எல்லாம் குருத்தெலும்பு. முதுகு நெடுக ஓடுவது முதுகுநாண் என்கிற ஒரு நீண்ட குழாய். வாலுக்குச் சற்று மேலே கத்தியால் சுற்றிலும் வெட்ட வேண்டும். தோலும் தசையும் அறுபட வேண்டும், நடுவில் உள்ள நாண் அறுபடக் கூடாது. பிறகு ஒருவர் உடம்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாலை இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டும். ஒரு முழுச் சுற்று திருகியதும் உள்ளே 'பொளக்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் நிதானமாகக் கீழ்நோக்கி இழுக்க, வாலோடு சேர்ந்து வெள்ளையாக, பாதி ஒளி ஊடுருவுகிற மாதிரி, சைக்கிள் ட்யூப் தடிமனில் ஒரு கயிறு இறங்கிக்கொண்டே வந்தது. கையில் பிடித்தால் உள்ளே நீர் நிறைந்து மெத்தென்று இருக்கிறது. வேகமாக இழுத்தால் நடுவில் அறுந்து, அந்த நீர் கறியில் கசியும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். ஏறக்குறைய உடம்பு நீளத்துக்கு முழுசாக வந்தது. கோயம்புத்தூர்க்காரர் வீட்டுக்குள் போய்விட்டார்.

வயிற்றைத் திறந்தபோது பெண் மீன் என்று தெரிந்தது. உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் சினை. பெரிய பெண் மீனிடம் 20 பவுண்டு வரை சினை இருக்கும். கேவியார் என்று விற்றால் கிடைக்கும் காசுக்காக இந்த ஆற்றில் நடந்த அக்கிரமம் கொஞ்சமில்லை. 2011, 2012 பருவங்களில் மாநில, மத்திய வனவிலங்கு அலுவலர்கள் வார்சாவில் மாறுவேடத்தில் ஒரு ஸ்னாகிங் தொழிலையே நடத்தி, யார் சினை வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துவைத்தார்கள். 'ஆபரேஷன் ரோடுஹவுஸ்' என்று பெயர். 2013 மார்ச்சில் நடந்த கைது நடவடிக்கையில் சிக்கியவர்கள் நூற்றுக்கும் மேல். மிசூரியில் இந்தச் சினையை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மீனிலிருந்து எடுத்த சினையை ஆற்றிலோ கரையிலோ வைத்திருப்பதும் குற்றம். மீனை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாதியைப் பெரியவர் சொன்னபடி கம்பி வலையில் தேய்த்துச் சவ்வைப் பிரித்து, அலசி, உப்பிட்டு வைத்தோம். மீதியைத் தூத்துக்குடி நண்பர் மிளகும் பூண்டும் போட்டு வறுத்தார். எனக்கு வறுத்ததுதான் பிடித்தது.

கறியின் ருசியைத் தீர்மானிப்பது அடுத்த வேலை. தோலை உரித்ததும் கறி இரண்டு நிறத்தில் தெரியும். உள்ளே வெள்ளை. வெளியே, பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி, அரையங்குலத் தடிமனில் கருஞ்சிவப்பு. அங்கங்கே மஞ்சள் கொழுப்பு. இந்த மீனைச் சேறு நாற்றம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தச் சிவப்போடு சேர்த்துச் சமைத்தவர்களாகத்தான் இருக்கும். கத்தியைப் படுக்கவைத்து, வெள்ளை கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை என்று சிவப்பு முழுவதையும் சீவி எறிய வேண்டும். துண்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்து, இளஞ்சிவப்பு நிழல் தெரிந்தால் அதையும் எடுக்க வேண்டும். கை மரத்துப்போகிற வேலை இது. நடுவில் இரண்டு முறை கத்தியைத் தீட்டினோம். 46 பவுண்டு மீனில் கடைசியாகக் கிடைத்த வெள்ளைக் கறி 14 பவுண்டு. உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஃபிரிட்ஜில் ஊறவைத்தோம்.

குழம்புக்கு இதைவிடத் தோதான நன்னீர் மீன் இங்கே எனக்குக் கிடைத்ததில்லை. கறி கெட்டி. புளிக்கரைசல் நன்றாகக் கொதித்து, பச்சை வாசனை போன பிறகு துண்டுகளைப் போட்டால் பத்து நிமிடம் கொதித்தாலும் உடையாது. கரண்டி போட்டுக் கிளறலாம், சட்டியைச் சுழற்ற வேண்டியதில்லை. முள் இல்லாததால் பிள்ளைகளுக்கு எடுத்துப் பிசைந்து கொடுக்கும் வேலையும் மிச்சம். கொழுப்பு உள்ள மீன் என்பதால் எண்ணெயைக் குறைத்து, புளியையும் வெந்தயத்தையும் சற்றுக் கூட்டினோம். வறுவலுக்கு அரையங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம், மசாலா உள்ளே ஏறாது. சுறாப்புட்டு மாதிரி செய்து பார்க்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. "சுறாவுக்கு உள்ள வாசனை இதுக்குக் கெடயாதுண்ணே, சும்மா இருங்க" என்று தூத்துக்குடி நண்பர் அதை அங்கேயே முடித்துவிட்டார்.

பெரியவர் தன் பங்கை ஹிக்கரி மரத்தூளில் புகைபோட்டு, வாரம் கழித்து எங்களுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். மிச்சக் கறியை ஒரு பவுண்டுப் பைகளாகக் காற்றை உறிஞ்சி எடுத்து உறையவைத்து, மேலே தேதியும் பிடித்தவர் பெயரும் எழுதியிருக்கிறோம்; வீட்டில் வைத்திருக்கும் மீனுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு என்பதால் யார் பிடித்தது என்று தெரிய வேண்டும். கொழுப்பு மீன் நாள்பட்டால் ஃபிரீசரிலேயே காறல் அடிக்க ஆரம்பிக்கும். ஆகஸ்டுக்குள் முடித்துவிட வேண்டும்.